மிச்சமிருந்தவர்களுக்கு ஒரு பன்னிரண்டாம் வகுப்பு

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பியூரெட். வேதியியல் ஆய்வகத்தில் தாங்கியில் செங்குத்தாக நிற்குமே, நீளமான கண்ணாடிக் குழாய், கீழே ஒரு சின்னத் திருகு, திருகினால் சொட்டுச் சொட்டாகத் திரவம் விழும், அதுதான் பியூரெட். வேதியியல் ஆசிரியையும் நல்ல உயரம், ஒட்டிய உடம்பு. வார்த்தையைச் சொட்டுச் சொட்டாகத்தான் விடுவார். பெயர் தன் காதுக்கு வந்தபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "குண்டு பீக்கர்னு வைக்காம விட்டீங்களே, அதுவரைக்கும் சரி" என்று மட்டும் சொன்னார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அவர் தமாஷாகப் பேசியதாக அந்தப் பள்ளியில் யாருக்கும் வேறு ஞாபகம் இல்லை.

பல வருடங்களாகப் பதினோராம் வகுப்புக்கு அவர்தான் வகுப்பாசிரியை. பதினொன்று ஓர் இரண்டுங்கெட்டான் வகுப்பு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிய களைப்பு தீர்ந்திருக்காது, பன்னிரண்டாம் வகுப்புப் பயம் இன்னும் பிடித்திருக்காது. பிள்ளைகள் காலை நீட்டி உட்காரும் வருடம். அந்த வருடத்தில்தான் இவர் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, "அடுத்து என்ன?" என்று கேட்பார்.

"தெரியல மிஸ்."

"சரி, தெரியாதுங்கறதாவது தெரியுதே."

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு நிம்மதி கிடையாது. செவிலியர் படிப்பு வேண்டும் என்பவளுக்கு உயிரியலில் எவ்வளவு தேவை, கணக்கை விட்டால் எந்தெந்தக் கதவு மூடிக்கொள்ளும், எந்தக் கல்லூரிக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும், நேர்முகத்தில் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசுவது எப்படி என்று விடாமல் பின்னால் வருவார். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த ஆளே கிடையாது. யாரைக் கேட்பது என்று அவர்களுக்குத் தெரியாது என்பது இவருக்குத் தெரியும். அதனால் அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க மாட்டார்.

ஒரு வருடம், பாதிப் படிப்பு முடிந்திருந்த சமயம், மேல்மாடி ஆய்வகத்தின் கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுந்து கைகழுவும் தொட்டியை உடைத்தது. நல்லவேளையாக உள்ளே யாரும் இல்லை. பொறியாளர்கள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், உத்தரத்தின் விரிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்கள், உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். மேல்மாடிக்குப் பூட்டு விழுந்தது. பழுது பார்ப்பதைவிட மேல்வகுப்புகளை நிறுத்திவிடுவதே சுலபம் என்று நிர்வாகம் முடிவு செய்தது. அப்போது பன்னிரண்டில் இருந்தவர்கள் தேர்வு எழுதிவிட்டுப் போகலாம். பதினொன்றில் இருந்தவர்கள் வருட முடிவில் வேறு பள்ளி பார்த்துக்கொள்ள வேண்டும்.

சொல்லும்போது சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் பன்னிரண்டாம் வகுப்புக்குப் புதிதாக வந்து சேரும் பிள்ளையை எந்தப் பள்ளியும் எளிதில் எடுக்காது. பொதுத்தேர்வில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதுதான் பள்ளிக்கு முகம். யாரோ வளர்த்த பிள்ளையைக் கடைசி வருடத்தில் வாங்கிக்கொண்டு அந்த முகத்தில் கரி பூசிக்கொள்ள யார் முன்வருவார்கள்? பன்னிரண்டு இல்லையென்றால் கல்லூரி இல்லை. பதினொன்று வரை படித்தவன் என்று ஒரு தகுதி உலகத்தில் எங்கும் செல்லாது.

பெற்றோர் கூட்டத்தில் நிர்வாகி பேசி முடித்ததும் தையல்காரர் ஒருவர் எழுந்தார். கடையிலிருந்து நேராக வந்தவர், சட்டையெல்லாம் நூல் துணுக்கு.

"பில்டிங் பழசாயிடுச்சு, புரியுதுங்க. பிள்ளைங்க எங்க போகும்?"

"பெற்றோர் அவரவர் வசதிப்படி நல்ல பள்ளியா பாத்து..."

"என் வசதிக்கு இந்தப் பள்ளிதாங்க."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. நிர்வாகி மேசைமேல் இருந்த பேனாவைத் திறந்து மூடினார். அப்போது பின்வரிசையில் ஆசிரியர்களோடு உட்கார்ந்திருந்த பியூரெட் டீச்சர் எழுந்து, "நான் பாத்துக்கறேன்" என்றார்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தையல்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

வீட்டில் கணவரிடம் சொன்னார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தீட்டுபவர், வாய் ஓயாத மனிதர். கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வருஷத்துக்கு ரெண்டு வார்த்தை பேசறே. அந்த ரெண்டும் இதுதானா?"

"வாய்ல வந்துருச்சு."

"உன் வேலையும்தானே போகுது? அதை யாரு பாத்துக்கறது?"

அதை அவர் அதுவரை நினைத்துப் பார்க்கவே இல்லை.

முதலில் போனது பக்கத்துத் தெருவிலிருந்த பள்ளிக்கு. தலைமையாசிரியர் மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலி போட்டார், தேநீர் வரவழைத்தார். டீச்சர் விஷயத்தைச் சொன்னார். சொல்லி முடிக்க நான்கு வாக்கியம் போதுமாயிருந்தது. ஐந்தாவதாக என்ன சொல்வது என்று தெரியாமல் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், உங்க நிலைமை புரியுது. கீழ் வகுப்புன்னா கண்ணை மூடிட்டுச் சேத்துக்குவேன். பன்னிரண்டு என் கையில இல்ல."

"சரிங்க சார்."

வெளியே வந்து படியிறங்கும்போதுதான் சொல்லியிருக்க வேண்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது. திரும்பிப் போகக் கூச்சமாக இருந்தது. அடுத்தடுத்த பள்ளிகளிலும் இதே கதைதான். படியேறும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், இறங்கும்போது விட்டுவிடும்.

இதைப் பார்த்துவிட்டு உடற்பயிற்சி ஆசிரியர் கூட வருவதாகச் சொன்னார். எல்லாருக்கும் அவர் பி.டி. சார். மைதானத்தில் பேசிப் பேசி, அறைக்குள்ளும் மைதானத்துக் குரலிலேயே பேசுபவர். "நீங்க சும்மா உக்காருங்க மேடம், பேச்சை நான் பாத்துக்கறேன்" என்றார். போன இடத்தில் மேசையைத் தட்டி ஆரம்பித்தார்.

"எங்க பசங்க பிரமாதமா ஓடுவாங்க சார்!"

"படிப்பாங்களா?"

பி.டி. சார் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கூரையைப் பார்த்தார்.

"நல்லா ஓடுவாங்க சார்" என்றார் மறுபடியும், இந்தமுறை கொஞ்சம் மெதுவாக.

அந்தப் பேச்சால் ஒரு பலன் உண்டாயிற்று. ஓட்டப்பந்தயத்தில் மாவட்டம் வரை போயிருந்த ஒருத்தியை மட்டும் அந்தப் பள்ளி எடுத்துக்கொண்டது. பேருந்து நிறுத்தத்தில் பி.டி. சார் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணு கழிஞ்சுது" என்றார். கழிந்தது என்ற சொல் டீச்சருக்கு உறுத்தியது.

பிறகுதான் அந்த நகரத்தின் பெரிய பள்ளிக்குப் போனார்கள். கண்ணாடிக் கதவு, குளிரூட்டிய அறை, சுவர் முழுக்கக் கோப்பைகள். துணைமுதல்வர் இளம்பெண், கணினித் திரையில் பிள்ளைகளின் மதிப்பெண்களை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்திக் கோடு போட்டதுபோல் விரலை வைத்தார்.

"இதுவரைக்கும் எடுத்துக்கறோம். நாளைக்கே வரச் சொல்லுங்க."

"மத்தவங்க?"

"மேடம், இது பஸ் இல்ல, நிக்கறவங்களையெல்லாம் ஏத்திக்க."

அப்போது பியூரெட் டீச்சருக்கு என்ன தோன்றியதோ, எழுந்துவிட்டார். "எடுத்தா எல்லாரையும் எடுங்க. இல்லன்னா யாரும் வரமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். பி.டி. சார் பின்னாலேயே ஓடி வந்தார். "மேடம், அது நீங்களா பேசினது?" என்று வாய்பிளந்து நின்றார்.

டீச்சருக்கு அது ஒரு கணக்காகப் பட்டது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை எல்லாப் பள்ளியும் கேட்கும். அவர்களை முன்னே வைத்துத்தான் மற்றவர்களை உள்ளே நுழைக்க முடியும். அவர்களைத் தனியாக விட்டுவிட்டால் மிச்சமிருப்பவர்களைக் கொண்டுபோய் எந்தக் கதவைத் தட்டுவது? அன்று வீட்டுக்குப் போகும்போது பல வாரங்களுக்குப் பிறகு பசி எடுத்தது.

அந்தத் தெம்பு நெடுநாள் நீடிக்கவில்லை. எதிலும் நூற்றுக்கு நூறு வாங்குவதால் வகுப்பின் முதல் மாணவிக்கு சென்டம் என்று பெயர். அவளுடைய அம்மா மருத்துவமனையில் செவிலி. வேலை முடிந்து சீருடையோடு ஆசிரியர் அறைக்கு வந்து நின்றார்.

"பெரிய ஸ்கூல்ல என் பொண்ணுக்கு இடம் குடுத்தாங்களாமே?"

"ஆமா."

"நீங்க வேண்டாம்னுட்டீங்களாம்?"

"எல்லாரையும் சேத்து எடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கேன். கொஞ்சம் பொறுத்தா..."

"எத்தனை நாள் பொறுக்கணும்? அந்த இடம் போயிட்டா?" செவிலியின் குரல் உயரவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "டீச்சர், உங்களைக் கும்பிடறேன். மத்த பிள்ளைங்களும் நல்லா இருக்கட்டும். ஆனா என் பொண்ணைப் பணயமா வைக்காதீங்க. உங்க பிள்ளையா இருந்தா இப்படிச் செய்வீங்களா?"

டீச்சருக்கு ஒரே மகன், வேறு ஊரில் வேலையில் இருந்தான். அவன் பதினொன்றில் இருந்த காலத்தை நினைத்துப் பார்த்தார். அவனை யாராவது இப்படி நிறுத்தி வைத்திருந்தால் இந்த அம்மாவைப்போல் அடக்கமாகக் கேட்காமல் கத்தியிருப்பார். பியூரெட்டாக இருந்திருக்க மாட்டார்.

"நாளைக்கு அனுப்புங்க. நான் பேசிடறேன்."

துணைமுதல்வர் தொலைபேசியில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லை. "குட்" என்றார், அவ்வளவுதான். விரல் வைத்த இடத்துக்கு மேலே இருந்தவர்கள் எல்லாருக்கும் அடுத்த வருடத்துக்கு இடம் பதிவாயிற்று.

வருடம் முடிய இன்னும் நாள் இருந்ததால் எல்லாரும் ஒரே வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் வகுப்பு இரண்டாகிப்போயிற்று. இடம் கிடைத்தவர்கள் முன்னால் புதுப் பள்ளியின் சீருடை என்ன நிறம், நீச்சல்குளம் உண்டா என்று குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். கிடைக்காதவர்கள் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். யாரும் அப்படிச் சொல்லவில்லை, தாமாகவே நகர்ந்தார்கள். சென்டம் மட்டும் தலைநிமிராமல் இருந்தாள். ஒருநாள் பின்வரிசையிலிருந்து, அதிகம் பேசாத ஒரு பெண், வெறும் தகவல் கேட்பதுபோல் கேட்டாள்:

"மிஸ், எங்களை யாரும் கேக்கலியா?"

கரும்பலகையில் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தவர் திரும்பவில்லை. "கேப்பாங்க" என்று பலகையைப் பார்த்தே சொன்னார். அந்தச் சமன்பாடு சமன் ஆகவில்லை என்பதை மணி அடித்த பிறகுதான் கவனித்தார்.

ஒருவன் தன் அப்பா ஓட்டுநராக இருந்த பள்ளியில் சேர்ந்தான். ஒருத்தி மாமா ஊருக்குப் போனாள். இப்படி ஒன்றிரண்டு பேர் உதிர்ந்தது போக, ஒரு டஜன் பேர் மிஞ்சினார்கள். இனிமேல் போகிற இடத்தில் பிள்ளைகளையும் கூட அழைத்துப் போவது, அவர்களையே பேச வைப்பது என்று டீச்சர் முடிவு செய்தார். மதிப்பெண் பேசாததை முகம் பேசும் என்று நம்பினார். அதற்காக அவர்களுக்குச் சனிக்கிழமைகளில் பேசச் சொல்லிக் கொடுத்தார். பேச்சு வராதவர் பேச்சு சொல்லிக் கொடுத்ததை நினைத்தால் சிரிப்பாக இருக்கும். அன்று யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

லேட்டு என்று ஒரு பையன். விடியற்காலையில் சந்தையில் அப்பாவோடு மூட்டை இறக்கிவிட்டு வருவதால் தினமும் முதல் பாடம் போய்விடும்.

"உன்னைப் பத்திச் சொல்லு."

"நான் லேட்டா வருவேன் மிஸ்."

"அதை ஏண்டா முதல்ல சொல்றே?"

"அவங்களா கண்டுபிடிக்கறதுக்கு முன்னால சொல்லிட்டா நல்லது இல்லியா மிஸ்?"

எல்லாரையும்விட நன்றாகப் பேசியவள் தையல்காரர் மகள். எதற்கும் எதிர்க்கேள்வி போடுவதால் அவளுக்கு வக்கீல் என்றே பெயர். அவளுக்கும் சட்டம் படிக்கத்தான் ஆசை. கணக்குதான் அவளைக் காலைவாரிக்கொண்டே இருந்தது. "கணக்குல நான் வீக். ஆனா ஒரு விஷயம் புரியலன்னா புரியற வரைக்கும் விடமாட்டேன்" என்று அவள் நிமிர்ந்து நின்று சொன்னதைக் கேட்டு, இவளை யாராலும் மறுக்க முடியாது என்று டீச்சர் நினைத்தார். நான்கு பள்ளிகளுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனார். நான்கிலும் அவளை உள்ளேயே கூப்பிடவில்லை. டீச்சர் உள்ளே போய்ப் பேசிவிட்டு வருவார், அவள் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்.

ஆண்டுத் தேர்வு முடிந்தது. பள்ளி விடுமுறை விட்டது. கடைசி நாளில் பி.டி. சாருக்குக் கீழ் வகுப்புகளில் இடம் கொடுத்திருப்பதாகத் தெரிந்தது. டீச்சருக்கு எதுவும் இல்லை. அந்த வயதில் புதிதாக யாரும் வேலைக்கு வைக்கவும் மாட்டார்கள். கணவர் வாயை அடக்கிக்கொண்டு நடமாடினார். ஒருநாள் காலையில் டீச்சர் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்திருந்தார். வெளியே வந்தபோது கணவர் துண்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். "தண்ணி வீணாப்போகுது. அழறதுன்னா ஹாலுக்கு வந்து அழு" என்றார். இருவரும் சோபாவில் உட்கார்ந்தார்கள்.

"இன்னும் போகாத ஸ்கூல் எது இருக்கு?"

"ஒண்ணுதான். கிடங்குகளுக்கு அந்தப் பக்கம். ரொம்ப தூரம்."

"கிளம்பு. நானும் வர்றேன்."

இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டியிருந்தது. லாரிகள் வரிசையாக நிற்கும் சாலையின் முடிவில், தகரக்கூரை போட்ட நீளக் கட்டடம். தலைமையாசிரியை வாளியும் துடைப்பமுமாகத் தன் அறையைத் தானே கழுவிக்கொண்டிருந்தார். இவர்கள் யாரென்று கேட்டுவிட்டு, ஈரத்தரையில் கால் வைக்காமல் ஓரமாக வரச் சொன்னார். டீச்சர் சொன்னதைக் கடைசிவரை கேட்டார்.

"மேடம், உங்ககிட்ட ஒளிக்க என்ன இருக்கு? போன வருஷமே எங்க ரிசல்ட் சரியில்ல. இன்னும் இறங்கினா என் தலைதான் உருளும்."

டீச்சர் எழுந்துவிட்டார். வாசல்வரை வந்தவரின் கண், தாழ்வாரத்தின் எதிர்ப்புறம் பூட்டியிருந்த ஓர் அறையில் நின்றது. ஜன்னல் வழியே பார்த்தார். உள்ளே மேசைகளில் தூசு, தாங்கிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன.

"லேப் ஏன் பூட்டியிருக்கு?"

"லேப் அசிஸ்டென்ட் நின்னுட்டாங்க. கெமிஸ்ட்ரிக்கு ஒரு தம்பி இருக்கார், நல்லாத்தான் பாடம் நடத்தறார். ஆனா தனியா லேபையும் பாக்க முடியல. செய்முறைத் தேர்வுல எங்க பிள்ளைங்க மார்க்கை விடறது அங்கதான்."

டீச்சர் திரும்பி உள்ளே வந்தார். இந்தமுறை ஈரத்தரையில் நேராகக் கால் வைத்து வந்தார்.

"அந்த வேலைக்கு நான் வர்றேன்."

தலைமையாசிரியை சிரித்தார், தமாஷ் என்று நினைத்து. "நீங்க டீச்சர் மேடம். இது கழுவற வேலை, துடைக்கற வேலை."

"தெரியும். லேப் நடந்தா உங்க பிள்ளைங்க மார்க் ஏறும். எங்க பிள்ளைங்களால இறங்கறது அதுல சரியாப்போகும். அவங்களை எடுத்துக்கங்க. மாலையில நான் உக்காந்து அவங்களுக்குத் தனியா சொல்லிக் குடுக்கறேன்." மூச்சு வாங்கியது. தன் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான் முதல்முறை. "எனக்கும் வேலை வேணும் மேடம். பெரிய மனசுன்னு நினைச்சுக்காதீங்க. வேற வழியில்ல."

தலைமையாசிரியை துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். கணவரைப் பார்த்தார். வாய் ஓயாத அந்த மனிதர் தலையை மட்டும் ஆட்டினார்.

"திறக்கற அன்னைக்கு வர்றவங்களை எடுத்துக்கறேன்" என்றார் தலைமையாசிரியை. "அன்னைக்கு வரணும். அப்புறம் வந்து நின்னா என்னால முடியாது."

மறுநாளே டீச்சர் வீடு வீடாகக் கிளம்பினார். இனிமேல் சந்தோஷமான வேலைதானே என்று நினைத்திருந்தார். முதல் வீட்டில் பையன் கட்டட வேலைக்குப் போய்விட்டிருந்தான். இரண்டாவது வீட்டில், பின்வரிசையிலிருந்து கேள்வி கேட்ட அந்த அமைதியான பெண்ணுக்கு நிச்சயம் செய்துவிட்டிருந்தார்கள். இன்னொரு வீட்டில், "அவ்வளவு தூரமா?" என்று கதவைப் பாதி மூடிக்கொண்டார்கள். லேட்டு மட்டும் சந்தையிலிருந்து ஓடி வந்து, "எத்தனை மணிக்கு மிஸ் ஸ்கூல்?" என்று கேட்டான். கேட்டுவிட்டுத் தானே தலையைச் சொறிந்துகொண்டான்.

வக்கீல் வீட்டில் இல்லை. தையல்காரர் இயந்திரத்தின் மிதியிலிருந்து காலை எடுக்காமல் பேசினார். "பார்சல் பிரிக்கற கிடங்குல சேந்துட்டா டீச்சர். நானும் சொல்லிப் பாத்தேன். நீங்க போய்க் கேளுங்க. நீங்க கேட்டா கேட்டாலும் கேப்பா."

அந்தக் கிடங்கில் பெட்டிகள் உருளைப்பட்டையில் ஓடி வந்துகொண்டே இருந்தன. வக்கீல் கையில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி, பெட்டியில் ஒட்டிய கோடுகள்மேல் காட்டினால் பீப் என்று கத்தியது. டீச்சரைப் பார்த்ததும் சிரித்தாள். கை நிற்கவில்லை.

"இடம் கிடைச்சிருச்சு."

"எல்லாருக்குமா மிஸ்?"

"எல்லாருக்கும். திங்கட்கிழமை ஸ்கூல் திறக்குது, வா."

பீப். அடுத்த பெட்டி. "இல்ல மிஸ்."

"ஏன்?"

"ஒரு கேள்வி கேக்கவா? அவங்க எங்களை வேணும்னு எடுத்தாங்களா, நீங்க கெஞ்சினதால எடுத்தாங்களா?"

டீச்சர் ஓடி வரும் பெட்டிகளைப் பார்த்தார்.

"ஒவ்வொரு ஸ்கூல்லயும் பெஞ்சுல உக்காந்திருந்தேன்ல. நீங்க வெளிய வர்றப்ப உங்க முகத்தைப் பாக்கக் கூடாதுன்னு உங்க செருப்பைப் பாத்துட்டே இருப்பேன். செருப்பைப் பாத்தே தெரிஞ்சுடும். இங்க யாரும் என் கணக்கு மார்க்கைக் கேக்கறதில்ல மிஸ்."

"ஒரே ஒரு வருஷம். அப்புறம் காலேஜ், அப்புறம் சட்டம்..."

"காலேஜ் வாசல்லயும் ஒரு பெஞ்சு இருக்கும்ல?"

எல்லாப் பள்ளிகளிலும் வாயடைத்து நின்றவர், கடைசியாகப் பேச்சு வந்த பிறகும், இந்த ஒருத்தியிடம் வாயடைத்து நின்றார். மேற்பார்வையாளர் தூரத்திலிருந்து குரல் கொடுத்தார். "போங்க மிஸ், எனக்குத் திட்டு விழும்" என்றாள் வக்கீல். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் கருவியைப் பெட்டியின் மேல் சரியாகத்தான் காட்டினாள்.

திங்கட்கிழமை வாசலில் நின்று டீச்சர் எண்ணிப் பார்த்தார். பாதிப்பேர்தான் வந்திருந்தார்கள். தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மணி அடித்தது. உள்ளே போய் ஆய்வக உதவியாளருக்கான சாம்பல்நிற அங்கியை மாட்டிக்கொண்டார்.

அந்த வருடம் அவருக்கு எளிதாக இல்லை. முதல் செய்முறை வகுப்பில் அவருடைய பிள்ளைகள் பழக்கத்தில், "குட் மார்னிங் மிஸ்" என்று எழுந்து நிற்க, மற்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். லேப் கழுவுகிற அம்மாவுக்கு எழுந்து நிற்கிறார்களாம். "இனிமே எழுந்திருக்காதீங்க" என்று அவர்களைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். சொன்ன பிறகு கழுவுதொட்டிப் பக்கம் திரும்பி, கழுவிய குடுவைகளையே மறுபடி கழுவினார். இளம் வேதியியல் ஆசிரியர் தங்கமான பையன், வாய்க்கு வாய் மேடம் என்றார். அந்த மரியாதையே சில நாள் முள்ளாகக் குத்தியது. மாலையில் பிள்ளைகளோடு உட்காருவார். சிலர் தூங்கி வழிவார்கள். ஒருத்தி நடுவருடத்தில் நின்றுவிட்டாள். அவள் வீட்டுக்கு நான்கு முறை போயும் பலிக்கவில்லை. பேருந்து தினமும் பார்சல் கிடங்கைத் தாண்டித்தான் போகும். முதலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பார்ப்பார். பிறகு ஜன்னலை விட்டு உள்பக்கம் உட்காரத் தொடங்கினார்.

பொதுத்தேர்வு முடிவு வந்தது. அவருடைய பிள்ளைகளில் இருவர் தவறினார்கள். மற்றவர்கள் தேறினார்கள், அதுவும் மயிரிழையில். செய்முறைத் தேர்வில் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் நன்றாகவே செய்திருந்தார்கள். ஆனாலும் மொத்தத்தில் பள்ளி ஒரு படி இறங்கியிருந்தது. தலைமையாசிரியையை மேலிடத்தில் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார்கள். திரும்பி வந்தவர் சில வாரங்கள் டீச்சரைப் பார்த்தாலும் பார்க்காததுபோல் போனார். அடுத்த வருடம் பன்னிரண்டுக்கு வெளியிலிருந்து யாரையும் எடுப்பதில்லை என்று வாசலில் எழுதி ஒட்டினார்கள். அதை ஒட்டும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டது டீச்சர்தான்.

தேறியவர்களுக்குக் கல்லூரி தேடும் வேலையும் அவர் தலையில்தான் விழுந்தது. லேட்டுக்குப் புவியியல் கிடைத்தது. அதை யாரும் கேட்டு வாங்குவதில்லை. அவனும் கேட்கவில்லை. "என்ன மிஸ் இருக்கும் அதுல?" என்றான். "பூமி இருக்கும்" என்றார்.

கல்லூரி திறந்த அன்று காலை ஆய்வகத்தில் சோதனைக் குழாய்களைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது.

"மிஸ், நான்தான். காலேஜ்லேர்ந்து பேசறேன்." லேட்டுவின் குரல் ஒடுங்கியிருந்தது. "எல்லாரும் விறுவிறுன்னு எங்கயோ போறாங்க. என் கிளாஸ் எங்கன்னு தெரியல. போர்டுல ஏதோ போட்டிருக்கு, ஒண்ணும் புரியல. வீட்டுக்குப் போயிடட்டுமா?"

"யாரையாவது கேளு."

"சிரிப்பாங்க மிஸ்."

"சிரிக்கட்டும். கேளு."

"நீங்க வைக்காதீங்க."

"வைக்கல."

சற்று நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. காலடிகள், யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம். டீச்சர் ஈரக் கையோடு கைப்பேசியைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றார். அப்புறம் அவன் குரல், எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல்:

"அண்ணா, புவியியல் முதல் வருஷம் எந்தப் பக்கம்?"

யாரோ பதில் சொன்னார்கள். என்ன சொன்னார்கள் என்று இவருக்குக் கேட்கவில்லை. இணைப்பு அறுந்துபோயிற்று. அவர் திரும்பக் கூப்பிடவில்லை. தாழ்வாரத்தில் அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வரும் சத்தம் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்துவிட்டார்.